முதல் பழைய க்ரோனோகிராஃப் வாட்ச் வாங்குவது எப்படி: வரிசை தப்பாத முழு வழிகாட்டி

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்தார். கையில் ஆன்லைனில் வாங்கிய ஒரு மஞ்சள் டயல் சீகோ வாட்ச். "எவ்வளவு சாவி கொடுத்தாலும் ஏறவே மாட்டேங்குதுங்கண்ணா, மெஷின் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். மெஷின் போகவில்லை. உள்ளே இருந்தது 6139 என்ற நம்பர் மெஷின், அதற்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது, கையில் கட்டி ஆட்டினால்தான் ஸ்பிரிங் ஏறும். ஆனால் டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, கீழ்ப் பட்டன் பாதியில் சிக்கி நிற்கிறது, பணமோ முழுசாகக் கொடுத்தாயிற்று.

இந்த மாதிரி ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். வாட்ச்சின் முகத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் மெஷினைப் பற்றிப் படிக்கிறார்கள், கடைசியில் ரிப்பேர்காரரைத் தேடி அலைகிறார்கள். வரிசை அப்படியே தலைகீழ். ரிப்பேர்காரர் முதலில், மெஷின் இரண்டாவது, வாட்ச் மூன்றாவது. கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

1. எதை வாங்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது

நேரம் காட்டும் வாட்ச்சுக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்திருந்தால் அது க்ரோனோகிராஃப். க்ரோனோமீட்டர் வேறு, அது துல்லியச் சோதனையில் தேறிய வாட்ச். விற்கிறவர்களே இரண்டையும் குழப்பி எழுதுவார்கள், நீங்கள் குழம்பக் கூடாது.

வலது பக்கம் நடுவில் சாவி, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு பட்டன். பெரும்பாலும் 2 மணிப் பக்கம் இருப்பது ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும், 4 மணிப் பக்கம் இருப்பது பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கும். டயல் நடுவில் இருக்கும் நீளமான முள் ஸ்டாப்வாட்ச்சுடையது, பட்டனை அமுக்கும் வரை 12-இல் சும்மா நிற்கும். வழக்கமான செகண்ட் முள் பல மாடல்களில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இது தெரியாமல், "பெரிய முள் ஓடல, ரிப்பேரு" என்று தாத்தாவின் நல்ல வாட்ச்சைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்ட வீடும் எனக்குத் தெரியும்.

இதன் மேல் ஆசை பிடிப்பதே அந்தப் பட்டனால்தான். அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஸ்டடி பார்த்தவர். ரிங் ஃப்ரேம் பக்கத்தில் நின்று, அறுந்த இழையைப் பிடிக்க எத்தனை செகண்ட் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் அளந்து அட்டையில் எழுதுவார். மில் இரைச்சலில் எதுவும் கேட்காது, கட்டை விரலில் படும் அந்தச் சின்னத் தட்டல்தான் வாட்ச் ஓட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்பார். அதே தட்டலை மணிக்கட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை.

2. முதலில் ரிப்பேர்காரர்

சாதா வாட்ச் பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். க்ரோனோகிராஃபைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் குறைவு, கோவையிலேயே விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். வாட்ச் வாங்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், அவருக்குப் பழக்கமான மெஷின் எதுவோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய மெஷின்.

போனதும் விலை கேட்காதீர்கள். "எந்தெந்த க்ரோனோ மெஷின் பார்த்திருக்கீங்க?" என்று கேளுங்கள். மெஷின் நம்பர் சொல்லிப் பேசினால் நல்ல ஆள். "எல்லாமே ஒண்ணுதான், கொண்டா பாக்கலாம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். நான் வாட்ச் கொடுக்கும் ரிப்பேர்காரப் பெரியவர் முதல் நாளே சொன்னார்: "சாதா வாட்ச்னா ஒரு நாள் கண்ணு. இதுக்கு அஞ்சு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்க." அன்றைக்கே அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

உதிரி பாகம் பற்றியும் அப்போதே கேட்டு வையுங்கள். பழைய சீகோ மெஷின்களுக்குப் புது பாகம் தயாரிப்பில் இல்லை, செத்த மெஷினிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். அவரிடம் அப்படி ஒன்றிரண்டு கிடக்கிறதா என்பது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

அப்புறம் பட்ஜெட். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை சர்வீஸுக்கு ஒதுக்குங்கள், மிச்சத்துக்குத்தான் வாட்ச். 'சர்வீஸ் செய்தது' என்று விற்கிறவர் எழுதியிருந்தாலும் சரி, ஒதுக்குங்கள். பாதிப் பேர் மேலாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டதைத்தான் சர்வீஸ் என்கிறார்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண் லென்ஸ், ஒரு சின்ன டார்ச், வாட்ச் சத்தத்தைக் கேட்டு ஒரு நாளுக்கு எத்தனை செகண்ட் முன்பின் ஓடுகிறது என்று சொல்லும் செல்போன் ஆப். இவ்வளவு போதும். மூடி திறக்கும் சாவியை இப்போதைக்கு வாங்காதீர்கள். வாங்கினால் திறப்பீர்கள், திறந்தால் கீறுவீர்கள், உள்ளே தூசியும் போகும்.

4. மெஷினைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பட்டனை அமுக்கியதும் ஓட்டு, நிறுத்து என்று உத்தரவு கொடுக்கும் பாகம் இரண்டு விதம். ஒன்று காலம் வீல் (column wheel, தூண் சக்கரம்): வட்டமான சக்கரத்தின் மேல் கோட்டைச் சுவர் மாதிரி தூண்கள் நிற்கும், லீவர்கள் தூண் மேல் ஏறியும் இடைவெளியில் இறங்கியும் வேலை செய்யும். இன்னொன்று கேம் (cam): ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அது நகரும்போது லீவர்கள் ஏறி இறங்கும். ஆட்டோமேட்டிக் லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே கேம்தான், தகட்டில் வெட்டியது. காலம் வீலில் பட்டன் வெண்ணெய் மாதிரி இறங்கும். கேமில் முதல் அமுக்கு கொஞ்சம் கடினமாக இருந்து 'டக்'கென்று விழும். புதியவர்கள் அந்தக் கடினத்தைக் கோளாறு என்று நினைத்து நல்ல வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சீகோ 6139. 1969-இல் வந்த ஆட்டோமேட்டிக், காலம் வீல், மணிக்கு 21,600 துடிப்பு. இதில் ஸ்டாப்வாட்ச்சை மெஷினோடு இணைக்கும் கிளச் மேலும் கீழுமாகப் பிடிக்கும் வகை, பல்லோடு பல் வந்து மோதாது, அதனால் ஸ்டாப்வாட்ச்சை நாள் முழுக்க ஓடவிட்டாலும் பெரிய தேய்மானம் இல்லை. தனியாக ஓடும் செகண்ட் முள் இதில் கிடையாது, 30 நிமிட வட்டம் ஒன்றுதான். 1973-74-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் மஞ்சள் டயல் 6139-ஐக் கட்டியிருந்தார், அவர் பெயரே அந்த மஞ்சளுக்கு ஒட்டிக்கொண்டது, விலையும் ஏறியது. ஒட்டு வேலைகளும் மஞ்சளில்தான் அதிகம். நீலத்திலும் வெள்ளியிலும் இருப்பது அதே மெஷின், முதல் வாட்ச்சுக்கு நான் அவற்றைத்தான் காட்டுவேன். கையால் சாவி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 6138 பாருங்கள், அதில் 12 மணி நேர வட்டமும் உண்டு.

சுவிஸ் மெஷின் கம்பெனி வால்ஜூவின் 7733, தேதியோடு வந்த 7734, மூன்று வட்டமுள்ள 7736. கை சாவி, கேம், மணிக்கு 18,000 துடிப்பு. இவற்றை எத்தனையோ சின்ன சுவிஸ் கம்பெனிகள் வாங்கித் தங்கள் பெயர் போட்டு விற்றன. டயலில் இருக்கும் பெயர் யாருக்கும் தெரியாததாக இருந்தால் விலை இறங்கும், உள்ளே இருக்கும் மெஷினுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் வாங்குவது இதைத்தான்.

போல்ஜோட் 3133, பழைய சோவியத் தயாரிப்பு. வால்ஜூ 7734-ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது, ஆனால் 23 கல் (ஜுவல்), 21,600 துடிப்பு. உழைப்பாளி மெஷின். டயல் மாற்றி வருவது இதிலும் நிறைய.

லேண்டரான் 48 என்ற சுவிஸ் மெஷினில் ஒரு விசேஷம்: மேல் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும். கீழ்ப் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் நிற்கும், இன்னொரு தடவை அமுக்கினால் பூஜ்யம். இது தெரியாமல் மேல் பட்டனையே போட்டு நெரித்துக் கெடுத்தவர்கள் உண்டு.

வால்ஜூ 7750 எழுபதுகளில் வந்து இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பம், உதிரி கிடைக்கும், ரிப்பேர்காரர்களுக்கும் பழக்கம். பயப்படுகிறவர்களுக்கு இதுவே முதல் வாட்ச். வால்ஜூ 72, ஒமேகா 321 மாதிரியான பெரிய இடத்துச் சரக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. பட்டன் சோதனை

அழகை இன்னும் பார்க்காதீர்கள். டயல் பிடித்துப்போனால் மனசு சோதனையைத் தள்ளிப்போடச் சொல்லும், அதனால்தான் இது முன்னால் வருகிறது. நேரில் என்றால் நீங்களே செய்யுங்கள், ஆன்லைன் என்றால் வெட்டாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய காகிதம் இருக்கட்டும்.

முதலில் ஸ்பிரிங் முழுசாக ஏற்றுங்கள். பாதி ஸ்பிரிங்கில் நல்ல மெஷினும் நோயாளி மாதிரி தெரியும்.

மேல் பட்டன். முள் உடனே கிளம்ப வேண்டும். பல்லோடு பல் சேரும் வகையில் கிளம்பும்போது ஒரு சின்னத் துள்ளல் இயல்பு. அமுக்கியும் கிளம்பாமல், இரண்டாவது தடவை கிளம்பினால் அழுக்கு அல்லது தேய்மானம்.

அப்படியே மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பத்து செகண்ட் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நடு முள் ஒவ்வொரு முறை 60-ஐத் தாண்டும்போதும் நிமிட வட்டத்தின் முள் ஒரு கோடு நகர வேண்டும். சில மெஷினில் டக்கென்று தாவும், சிலதில் கொஞ்சம் முன்னாலேயே நகர ஆரம்பித்து முடிக்கும், இரண்டும் சரி. நகராவிட்டாலோ, இரண்டு கோடு போனாலோ செலவு இருக்கிறது.

நிறுத்துங்கள். முள் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், வாட்ச்சை லேசாக ஆட்டினாலும்.

இப்போது கீழ்ப் பட்டன். ஓடிக்கொண்டிருக்கும்போது இதை அமுக்கவே கூடாது, நிறுத்திவிட்டுத்தான். ஓடும்போதே பூஜ்யத்துக்குத் திருப்பலாம் என்று தனியாக வடிவமைத்த மெஷின்கள் சில உண்டு, உங்களுடையது அதுதான் என்று உறுதியாகத் தெரியாதவரை வேண்டாம். ஸ்டாப்வாட்ச் முட்களெல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டனவா என்று லென்ஸில் பாருங்கள். இதை மூன்று தடவை செய்யுங்கள், ஏனென்றால் ஒரு தடவையில் எதுவும் தெரியாது. மூன்று தடவையும் ஒரே மாதிரி ஒரு செகண்ட் தள்ளி நின்றால் முள்ளைக் கழற்றிச் சரியாகப் பூட்டினால் போதும், சின்ன வேலை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முள் தண்டில் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பூஜ்யத்துக்குத் தள்ளும் சுத்தியல் லீவரில் கோளாறு. அதை வாங்காதீர்கள்.

கடைசியாக, அரை மணி நேரம் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு வாட்ச் நின்றுபோகிறதா என்று பாருங்கள். கூடுதல் சக்கரங்களை இழுக்கும்போது பாலன்ஸின் (இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைப் பிடிக்கும் சக்கரம்) வீச்சு கொஞ்சம் குறையத்தான் செய்யும். நின்றே போனால் மெஷினில் தெம்பு இல்லை.

பட்டன் சிக்கினால் பலத்தைக் காட்டாதீர்கள். ஐம்பது வருஷ வியர்வையும் காய்ந்த கிரீஸும் கல்லாக இறுகியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் விடும். அமுக்கி உடைத்தால் உள்ளே லீவரும் சேர்ந்து போகும்.

6. டயல், முள், கேஸ்

நம் நாட்டுப் பழைய வாட்ச் சந்தையில் 'பாம்பே ஸ்பெஷல்' என்றே ஒரு ஜாதி உண்டு. பழைய டயலைச் சுரண்டி, புதுசாகப் பெயின்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வரும். லென்ஸ் வைத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். ஃபேக்டரி அச்சு கத்தியால் வெட்டியது போல இருக்கும், மறு அச்சில் ஓரம் பரவி எழுத்து தடித்திருக்கும். சீகோவில் 6 மணிக்குக் கீழே விளிம்பில் பொடி எழுத்தில் மெஷின் நம்பரும் டயல் நம்பரும் இருக்கும். மறுபடி அடிக்கிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

பின்மூடியில் 6139-6002 என்று இருந்தால் முதல் நான்கும் மெஷின், அடுத்த நான்கும் கேஸ், அதாவது வாட்ச்சின் வெளிக்கூடு. சீரியல் நம்பரின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அது 31 என்று தொடங்கினால் 1973 ஜனவரி. மூடியும் டயலும் வேறு வேறு மெஷின் நம்பர் சொன்னால் இரண்டு மூன்று வாட்ச்சைச் சேர்த்துச் செய்தது. அப்படிப்பட்டதையும் வாங்கலாம், அதற்குரிய விலைக்கு, தெரிந்தே.

இருட்டில் ஒளிரும் பூச்சையும் பாருங்கள். சுவிஸ் டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால் அது ட்ரிடியம். அதன் அரை ஆயுள் சுமார் 12 வருஷம், எழுபதுகளின் வாட்ச் இன்று பளிச்சென்று ஒளிரவே முடியாது. ஒளிர்ந்தால் புதுசாகப் பூசியது. அதற்கும் முந்தைய வாட்ச்களில் ரேடியம் இருக்கலாம், அதன் தூள் மூச்சில் போகக் கூடாது, வீட்டில் திறக்கவே வேண்டாம்.

கேஸில் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். கிரைண்டர், பம்பு பாகங்களுக்கு பஃப் போடுவதை (சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவதை) பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிது: பஃப் வீல் கூர்மையான ஓரத்தைத்தான் முதலில் தின்னும். பட்டை மாட்டும் கொம்புகளின் ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தால் பலமுறை பஃப் வாங்கியிருக்கிறது. கீறல் இருந்தாலும் ஓரம் கூராக இருப்பதே மேல்.

7. மூடிக்குள்

ரிப்பேர்காரர் கடையில் திறக்கச் சொல்லுங்கள், ஆன்லைன் என்றால் திறந்த படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது திருகின் தலைகளை. நல்ல கை பட்ட திருகில் வெட்டுக்கோடு நேராக, ஓரம் சிதையாமல் இருக்கும். சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளி வைத்துப் போராடியிருக்கிறார்கள். ஒருமுறை வெளியே கண்ணாடி மாதிரி இருந்த ஒரு 7734-ஐத் திறந்து லென்ஸை மாட்டிய பெரியவர், ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "இங்க பாரு கண்ணு, இந்த லீவர் ஸ்பிரிங்கு கம்பிய வளைச்சு வச்சிருக்கான்" என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஃபேக்டரி ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் கையால் வளைத்த ஒரு மெல்லிய கம்பி, நுனி சமமில்லாமல் வெட்டியிருந்தது. வாட்ச் ஓடத்தான் செய்தது. நான் வாங்கவில்லை.

துரு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மூடி ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை. சாவித் தண்டைச் சுற்றியோ பட்டன் லீவர்களிலோ இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

8. விலை

மேலே கண்டதை ஒவ்வொன்றாகச் சொல்லி, ரிப்பேர்காரர் சொன்ன செலவைக் கழித்துக் கேளுங்கள். 'இன்னொருத்தர் கேட்டுட்டாருங்க' என்று அவசரப்படுத்தினால் அவருக்கே போகட்டும். லட்சக்கணக்கில் செய்த மாடல்கள்தான், இன்னொன்று வரும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

நேராக சர்வீஸுக்குக் கொடுங்கள். காய்ந்த எண்ணெயோடு ஓட்டும் ஒவ்வொரு நாளும் உதிரி கிடைக்காத பாகங்கள் தேய்கின்றன. கொடுக்கும்போது "கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நமக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், அது அன்றைய ரப்பருக்குச் சொன்னது. ஆழியார், வால்பாறை மழைக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஸ்பீக்கர் மேலும் காந்த மூடி போட்ட செல்போன் கவர் மேலும் வைக்காதீர்கள், பாலன்ஸோடு சேர்ந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் வாட்ச் தாறுமாறாக முன்னால் ஓடும். 7750 இருந்தால் இரவு 8 மணியிலிருந்து 3 மணி வரை தேதியைத் திருப்பாதீர்கள், தேதிப் பற்கள் அப்போது பிடித்துக்கொண்டிருக்கும்.

பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டி, இரண்டு பட்டனையும் பயன்படுத்துங்கள்.

10. டயல் ஓரத்து எண்களைப் பயன்படுத்துவது

பலர் கடைசி வரை இதைத் தொடுவதே இல்லை. ஓரத்தில் டேக்கிமீட்டர் (வேகம் காட்டும் எண் வரிசை) இருந்தால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவிநாசி ரோட்டிலோ பொள்ளாச்சி ரோட்டிலோ ஒரு கிலோமீட்டர் கல்லில் ஓட்டி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் வேகம். 3600-ஐ செகண்டால் வகுத்த கணக்கு அது, 45 செகண்ட் என்றால் 80 கிலோமீட்டர். வண்டி ஓட்டிக்கொண்டே செய்யாதீர்கள்.

டெலிமீட்டர் (தூரம் காட்டும் எண் வரிசை) இருந்தால் ஐப்பசி மழை வரட்டும். மின்னலைக் கண்டதும் மேல் பட்டன், இடி கேட்டதும் மறுபடி மேல் பட்டன். மூன்று செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். போன வருஷம் மொட்டை மாடியில் என் மகள் கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள், மருதமலைப் பக்கம் வெட்டியது, முள் 24-இல் நின்றது. எட்டு கிலோமீட்டர் என்று அவளே சொன்னாள்.